பரணில் கிடைத்த இரும்பு: கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒரு சாண் நீள மரப்பிடி கிடைத்தது. இரண்டு முனையிலும் கவிழ்த்த கிண்ணம் போல இரும்பு இருக்கிறது, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அப்பா மெழுகுவத்தித் தாங்கி என்கிறார். நான் மணி என்கிறேன்.

பதில்: மணி என்றால் நாக்கு எங்கே? உங்கள் கட்சி முதலிலேயே தோற்றுவிட்டது. அப்பா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய இதே உருவத்தில் இரும்பு மெழுகுவத்தித் தாங்கிகள் புழக்கத்தில் இருந்தன. ஆனால் அவற்றின் தண்டு தகரக் குழாய். எரிந்து குட்டையான மெழுகுவத்தியை மேலே தள்ளுவதற்கு அதன் பக்கத்தில் ஒரு பிளவும், அதில் நகரும் சிறு பிடியும் இருக்கும். உங்களுடையது முழு மரம். அப்படியானால் அது பன்றியின் மயிர் சுரண்டும் கருவிதான்.

அறுத்த பன்றியைச் சுமார் 60 முதல் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். மயிர்க்கால் இளகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: தோல் வெந்து இறுகி மயிரைப் பிடித்துக்கொள்ளும். பதமாக முக்கிய பிறகு கிண்ணத்தின் விளிம்பைத் தோலில் அழுத்தி இழுக்க வேண்டும். விலா, வயிறு, முதுகுக்குப் பெரிய கிண்ணம். காது, முகம், கால் இடுக்குக்குச் சின்னது. விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தால், தாத்தா எந்தப் பக்கமாகச் சாய்த்து இழுத்தார் என்பது வரை சொல்லிவிடலாம்.

கேள்வி: இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, லேசாக வளைந்த நீளக் கத்தி. மரம் சீவும் கத்தி என்று நினைத்துப் பயன்படுத்திப் பார்த்தேன். சரியாகவே சீவவில்லை. கூர் தீட்டினால் போதுமா?

பதில்: தயவுசெய்து தீட்டாதீர்கள்! அது தோல் சுத்தம் செய்யும் கத்தியாக இருக்கலாம். முப்பது வருடமாகச் சாணை பிடிக்கிறேன். இந்தத் தவறை நானே ஒருமுறை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். தோல் வேலை செய்யும் ஒருவர் இப்படி ஒரு கத்தியைக் கொடுத்து, பிடி ஆடுகிறது, இறுக்கித் தாருங்கள் என்றார். பிடியை இறுக்கினேன். ஒரு ஓரம் மழுங்கிக் கிடக்கிறதே, பாவம் என்று அதையும் கூராக்கிக் கொடுத்தேன். மறுநாள் நடுவில் கிழிந்த தோலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துப் போட்டார். அந்த ஓரம் மழுங்கலாக இருக்க வேண்டும் என்றே செய்தது! உருண்டையான கட்டை மேல் தோலைப் போட்டு, ஒட்டியிருக்கும் சதையையும் மயிரையும் வெட்டாமல் தள்ளி எடுக்க அது. கூரான ஓரம் விடாப்பிடியாக ஒட்டிய இடங்களுக்கு.

வித்தியாசம் பிடியில் இருக்கிறது. மரம் சீவும் கத்தியின் பிடிகள் பெரும்பாலும் நம்மை நோக்கி மடங்கி நிற்கும், ஏனென்றால் அதை இழுக்க வேண்டும். தோல் கத்தியின் பிடிகள் அலகின் நேர்க்கோட்டிலேயே இரு பக்கமும் நீண்டிருக்கும். அதைத் தள்ள வேண்டும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் சாணைக்கல்லைத் தொடுங்கள்.

கேள்வி: மூக்கில் மாட்டுவது போன்ற வளையம். சுற்றிலும் முள். இவ்வளவு கொடுமையான ஒன்றை வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: முள் எந்தப் பக்கம் பார்க்கிறது? வெளியே பார்த்தால் அது கன்றுக்குப் பால்குடி மறக்கவைக்கும் வளையம். கன்றின் மூக்கை அது குத்தாது. கன்று மடியை முட்டும்போது தாய்க்குக் குத்தும், தாய் உதைத்து விரட்டிவிடும். கன்று புல்லும் தண்ணீரும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். முள்ளே இல்லாமல் இரண்டு முனையிலும் குண்டு வைத்த இடுக்கி என்றால், அது காளையை மூக்கில் பிடித்து நடத்துவதற்கு.

கேள்வி: பித்தளை உறைக்குள் மடங்கும் மூன்று அலகுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிறு முக்கோணக் கூர் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. இதை வைத்து எதை வெட்டுவது?

பதில்: எதையும் வெட்ட முடியாது. குதிரைக்கும் மாட்டுக்கும் இரத்தம் வடிக்கும் கருவி. கழுத்து இரத்தக் குழாயின் மேல் அந்தக் கூர்முனையை வைத்து, கட்டையால் ஒரு தட்டு. இரத்தம் வடித்தால் நோய் போகும் என்று நம்பிய காலத்துச் சாமான்.

கேள்வி: இரு முனையிலும் வெட்டு விட்ட வளைந்த கட்டை, நடுவில் ஒரு வளையம். வண்டிச் சாமான் என்று ஒருவர், கசாப்புச் சாமான் என்று இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இந்தச் சண்டை எனக்குப் பழகிப்போனது. அறுத்த உடலின் பின்னங்கால் குதிகால் தசைநாணுக்கும் எலும்புக்கும் நடுவே முனைகளைச் செருகி, கால்கள் அகன்று நிற்கும்படி தொங்கவிட ஒரு கட்டை உண்டு. கால் வழுக்கி உள்ளே வராமல் இருக்கவே அந்த வெட்டு. இழுக்கும் குதிரைக்குப் பின்னால் கட்டும் குறுக்குக் கட்டையும் தூரத்தில் பார்த்தால் இதே போலத்தான். ஆனால் அதன் முனைகளில் இழுவைச் சங்கிலி மாட்ட இரும்புக் கொக்கி இருக்கும், அந்தக் கொக்கிகளும் நடு வளையமும் இழுபட்டுத் தேய்ந்திருக்கும். உங்களுடையதில் வெறும் வெட்டுதான் என்கிறீர்கள். முனைகள் கொழுப்பு ஊறிக் கறுத்து வழவழப்பாக இருந்தால் கசாப்புக்காரர் பக்கம் நான். கையில் வேறு எதுவும் இல்லாதபோது குறுக்குக் கட்டையிலேயே உடலைத் தொங்கவிட்டவர்களும் உண்டு என்பதால், வண்டிச் சாமான் என்றவரை ஒரேயடியாக மட்டம் தட்டவும் வேண்டாம்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். இது என்ன?

பதில்: தேய்த்ததில் பட்டறை முத்திரை இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். இனி எதையும் தேய்க்காமல் லேசாக எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். படத்திலோ அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் பூனையைப் படுக்க வைத்திருக்கிறீர்கள். அழகான பூனைதான். ஆனால் அதன் வால் சரியாகக் கூர்ப்பக்கத்தை மறைக்கிறது. அதை எழுப்பிவிட்டு, ஒரு அளவுகோலை வைத்து, அலகை ஓரப்பக்கமாகவும் பிடியின் அடியையும் எடுத்து அனுப்புங்கள்.