சவர்க்காரம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் 14 வயது மகன் தினமும் கடற்கரையில் பந்து விளையாடிவிட்டு வருகிறான். இருவேளையும் கிருமிநாசினிச் சவர்க்காரம் தேய்த்துக் குளிக்கிறான். வாளித் தண்ணீரிலும் கிருமிநாசினித் திரவம் கலக்கிறேன். ஆனாலும் அக்குள் நாற்றம் போகவில்லை. கால் தோல் வறண்டு சொறிகிறான். தோலில் நல்ல பற்றீரியாக்கள் உண்டென்கிறார்களே, சவர்க்காரத்தை நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் வாளியில் அந்தத் திரவத்தைக் கலப்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஸ்டெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பற்றீரியா நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. சீழ்க்கட்டி உண்டாக்கும் அதன் உறவுக்கிருமியை அடக்கும் பொருள்களை அதன் சில வகைகள் சுரக்கின்றன. முகத்திலும் முதுகிலும் வாழும் வேறோர் இனம் தோலின் எண்ணெயைக் கொழுப்பமிலங்களாக உடைக்கிறது. தோல் சற்றே புளிப்பாக, பீஎச் எனும் அமில-கார அளவுகோலில் 5 அளவில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் புளிப்பு பல நோய்க்கிருமிகளுக்கு ஒத்துவராது. கட்டிச் சவர்க்காரமோ 9, 10 என்ற அளவில் காரமானது. கழுவிய தோல் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். இருவேளையும் உடம்பு முழுவதும் தேய்த்தால் அதற்கு அவகாசம் ஏது? எண்ணெய்ப்பசை குறைந்த கெண்டைக்கால்தான் முதலில் வறளும். கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் மோசம்.

வியர்வைக்குத் தன்னளவில் நாற்றமில்லை. பருவ வயதில் அக்குளில் வேலை தொடங்கும் சுரப்பிகளின் கசிவைப் பற்றீரியாக்கள் உடைக்கும்போதே அது பிறக்கிறது. ஆகவே அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குச் சாதாரணச் சவர்க்காரம் போடட்டும். மண் ஒட்டாத மற்ற இடங்களுக்குக் கிணற்று நீரே போதும். கடலுப்பும் அதிலேயே போய்விடும். எனக்கு அவனுடைய ஜெர்சி மீதும் சந்தேகம். பொலியெஸ்டர் துணி நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அன்றன்றே துவைத்து வெயிலில் போடுங்கள்.

கிருமிநாசினிச் சவர்க்காரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை இத்தகைய சவர்க்காரங்களில் தடை செய்தது. சாதாரணச் சவர்க்காரத்தைவிட அவை மேலானவை என்பதற்கு உற்பத்தியாளர்கள் சான்று காட்டவில்லை.

கை கழுவுவதில் மட்டும் தளர்வே வேண்டாம். மலசலகூடம் போய்வந்த பின், சாப்பிடுமுன், மீன் வெட்டிய பின், சவர்க்காரமிட்டு 20 விநாடி கழுவ வேண்டும்.

வறண்ட கால்களில் குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் தடவலாம். முதுகில் தேமல் இருந்தால் அங்கே வேண்டாம். அந்தப் பூஞ்சை எண்ணெயில் வளர்வது. இரண்டு வாரத்தில் சொறி அடங்காவிட்டால், அல்லது வட்டமாகப் படர்ந்தால், சீழ் கண்டால், மருந்துக்கடையில் களிம்பு வாங்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.