செவன் கார்ட் ஸ்டட் போக்கர்ல ஆன்ட்டி (ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் நடுவுல வெக்கறது) ஜாஸ்தி, டேபிள்ல ஒருத்தரும் ஃபோல்ட் பண்ண, அதாவது சீட்டைக் கீழ வெச்சு விலக, மாட்டேங்கறாங்க. எப்படி ஆடறது?

உங்க குழப்பம் புரியுது. ஆன்ட்டி ஜாஸ்தின்னா நிறைய கை ஆடு, நடுவுல கிடக்கிற பாட்டை (சேந்த சிப்ஸை) மத்தவங்களை பயமுறுத்தித் திருடுன்னு சொல்லுவாங்க. டேபிள் லூஸுன்னா, அதாவது யாரும் விலகாம ஆடறாங்கன்னா, இறுக்கிப் பிடிச்சு ஆடு, திருடாதேம்பாங்க. ரெண்டும் ஒரே டேபிள்ல இருந்தா எதைக் கேக்கறது? நான் ரெண்டு தீபாவளி சீசன் முழுக்கத் தப்பானதைக் கேட்டு ஆடினவன், அதனால சொல்றேன்.

நாங்க டெல்லி மயூர் விஹார். தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இங்க வீட்டுக்கு வீடு சீட்டு ஆரம்பிச்சுடும், எல்லாம் தீன் பத்திங்கற மூணு சீட்டு ஆட்டம். எங்க பில்டிங்ல எட்டு பேர், பாதி தமிழ், பாதி பஞ்சாபி, ஒரு மாறுதலுக்கு ஸ்டட் ஆடுவோம், ஆளுக்கு ஏழு சீட்டு, சிலது விரிச்சு எல்லாருக்கும் தெரியும், சிலது உள்ள கவுத்து. பிளாஸ்டிக் சிப்ஸ்தான், காசு கிடையாது, தோத்துக் கடைசியா வர்றவர் மறுநாள் எல்லாருக்கும் டிபன் வாங்கணும். ஆன்ட்டின்னு சொன்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டி திரும்பிப் பாக்கறாங்கங்கறதால அதை பூட்னு தீன் பத்தி பேர்லயே சொல்றோம். பூட் 5, சின்ன பெட் 20, அஞ்சாவது சீட்டுலேர்ந்து 40. அதாவது எவனும் கை வைக்கறதுக்கு முன்னாடியே நடுவுல 40 கிடக்கு. சின்னச் சீட்டு காட்டினவர் கட்டாயமா போடற 5, ஒருத்தர் ஏத்தற 20, எல்லாம் சேத்தா 65. நீங்க 20 போட்டு 65க்கு ஆடறீங்க. பூட் 2ஆ இருந்திருந்தா அதே 20க்கு 41தான் கிடைச்சிருக்கும்.

முதல் வருஷம் நான் பண்ணினது திருட்டு. மேல ராஜா தெரியுது, உள்ள குப்பை, தைரியமா 20னு ஏத்தினேன். மூணாவது மாடி மாமி மேல ஒரு ஏழை வெச்சுண்டு "பாத்துடலாமே"னு போட்டாங்க, அவங்க போட்டாங்களேன்னு இன்னும் மூணு பேர். ராஜாவைப் பாத்து பயப்படணும்னா எதிராளிக்கு பயப்படத் தெரியணும்ல? தீன் பத்தி ஆடிப் பழகினவங்களுக்கு ஷோ பாக்காம சீட்டைக் கீழ வைக்கறது பாவம் மாதிரி. அதனால திருடறதை அடியோட மறந்துடுங்க.

ஆனா பாட் பெருசா இருக்கறதால நிறைய கை ஆடலாம்ங்கற பாதி சரிதான். எந்தக் கைங்கறதுலதான் விஷயமே. நாலஞ்சு பேர் கடைசி வரைக்கும் வருவாங்கன்னா ஒத்த ஜோடி ஜெயிக்கறது கஷ்டம், ஃப்ளஷ் (அஞ்சும் ஒரே ஜாதி), ஸ்ட்ரெய்ட் (அஞ்சும் வரிசையா), மூணு ஒரே சீட்டு இதுங்கதான் சம்பாதிக்கும். அதுலயும் உங்களுக்கு வேண்டிய சீட்டு இன்னும் கட்டுல உயிரோட இருக்கணும். இதை நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கணக்கு போட்டேன். முதல் மூணு சீட்டும் ஆர்ட்டின். மத்த ஏழு பேர் காட்டற சீட்டுல ஒரு ஆர்ட்டின்கூட இல்லேன்னா ஃப்ளஷ் முடியற வாய்ப்பு கிட்டத்தட்ட 24 சதவீதம். ரெண்டு தெரிஞ்சா 16. நாலு தெரிஞ்சா 9தான். கையில பாத்தா அதே மூணு ஆர்ட்டின்தான்! இந்த இடத்துலதான் நம்மூர் ரம்மி மூளை உதவும், கீழ போன சீட்டை ஞாபகம் வெச்சுக்கறோமே அதே பழக்கம், பேக் பண்ணினவங்க (ஃபோல்ட்டுக்கு தீன் பத்தி பேர்) சீட்டைக் கவுத்தினப்புறமும் அது மனசுல நிக்கணும். எங்க டேபிள்ல இதைப் பண்றது நானும் ஒரு ரிட்டயர்ட் பேங்க் மாமாவும்தான்.

பெரிய ஜோடி வந்தா உடனே ஏத்துங்க, ஒருத்தர் ரெண்டு பேராவது போனா லாபம். போகலேன்னா? அஞ்சு பேர் கூட வந்து உங்க ராஜா ஜோடி நாலாவது அஞ்சாவது சீட்டுல ஒண்ணும் தேறலேன்னா, எதிர்ல ஒருத்தருக்கு மூணு கிளாவர் வரிசையா தெரியுதுன்னா விட்டுடுங்க, மனசு வராது, தெரியும். சின்ன ஜோடின்னா கூட ஒரு ஏஸ் இருந்து அந்த நம்பர் வேற எங்கயும் வெளிய வரலேன்னா மட்டும் சல்லிசா ஒரு சீட்டு பாக்கலாம்.

எனக்கு நிஜமா சிப்ஸ் கரைஞ்சது மூணாவது சீட்டுல இல்ல, அதுக்கப்புறம். மூணு ஆர்ட்டினோட போறோம், நாலாவது வேற ஜாதி, ஃப்ளஷ் வாய்ப்பு 10, 11க்கு விழுந்துடுது, இருந்தாலும் இவ்ளோ பாட் இருக்கேன்னு இன்னொண்ணு பாக்கறோம், அதுவும் வரல, இப்ப பெட் 40 ஆயிடுச்சு. அங்கயே எழுந்துடணும். நாலாவது ஆர்ட்டின் நாலாவது சீட்டுலயே வந்திருந்தா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, அப்ப கூப்பிடறதோட நிக்காம நீங்களே ஏத்துங்க, அஞ்சு பேர் போடறாங்கன்னா ஏன் விடறீங்க.

ஏழாவது சீட்டுல மட்டும் ரொம்ப புத்திசாலித்தனம் வேண்டாம். பாட்ல 400 இருக்கு, 40 போடணும், பதினோரு தடவைல ஒரு தடவை ஜெயிச்சாலே கட்டுபடி. சுமாரா ரெண்டு ஜோடி இருந்தா போட்டுப் பாத்துடுங்க.

இன்னொண்ணு, எட்டு பேரும் கடைசி வரைக்கும் நின்னா 56 சீட்டு வேணும், கட்டுல இருக்கறது 52. அப்ப ஏழாவது சீட்டு ஆளுக்கொண்ணு கிடையாது, நடுவுல ஒண்ணை விரிச்சு எல்லாருக்கும் பொதுன்னு வெப்பாங்க. போன வருஷம் எங்களுக்கு நிஜமாவே ஆச்சு, ஒருத்தர்கூட பேக் பண்ணல. பொதுவா விழுந்தது ஏழு. மாமிகிட்ட ஏற்கனவே ரெண்டு ஏழு இருந்தது. மறுநாள் பொங்கல் வடை நான்தான் வாங்கினேன்.