ஓராங் ஊத்தானுக்கு உத்தரவாதம் தருகிறார்களே, நம்பலாமா?

விடுமுறைக் காலம் நெருங்குவதால் சபா பயணத்தைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான், கணவர், 10, 13 வயதுகளில் இரண்டு பிள்ளைகள் என நால்வரும் சபாவுக்குப் போக நினைக்கிறோம். "3 நாள் 2 இரவு. ஓராங் ஊத்தான், குள்ள யானை, நீள்மூக்குக் குரங்கு பார்க்க 100% உத்தரவாதம்" என்று ஒரு நிறுவனம் புலனத்தில் விளம்பரம் அனுப்பியது. இன்னொரு நிறுவனம் எந்த உத்தரவாதமும் தரவில்லை, விலையும் கூடுதல். எதை எடுக்கலாம்? – கிள்ளான் வாசகி

பதில்: அந்த மூன்று விலங்குகளையும் தனித்தனியாகப் பார்த்தாலே விளம்பரத்தின் சாயம் வெளுத்துவிடும்.

நீள்மூக்குக் குரங்கைக் காட்டுவது சுலபம். சாயங்காலம் ஆனால் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வந்துவிடும். கினபாத்தாங்கான் ஆற்றில் மாலைப் படகில் போய் அதைப் பார்க்காமல் திரும்புவதுதான் அதிசயம். ஓராங் ஊத்தானுக்கு உத்தரவாதம் என்றால் அது பெரும்பாலும் செப்பிலோக்கைத்தான் குறிக்கும். 1964-இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையம் அது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேடையில் உணவு வைப்பார்கள். அவசியம் பார்க்க வேண்டிய இடம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காட்டில் தானாகத் திரியும் ஓராங் ஊத்தானைத் தேடிப் பார்ப்பது வேறு, இது வேறு. காட்டில் பழங்கள் நிறைந்திருக்கும் காலத்தில் செப்பிலோக் மேடைக்கே ஒன்றும் வராமல் போவதுண்டு. யானை விஷயத்தில் உத்தரவாதம் தருபவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான். யானைக் கூட்டம் ஆற்றோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஆற்றோரச் சுக்கா கிராமத்தில் தங்கும் இரவில் அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024-இல் போர்னியோ யானையை அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தபோது, மிச்சம் இருப்பவை ஏறத்தாழ ஆயிரம் என்று கணக்கிட்டார்கள்.

ஆகவே விலங்குப் பட்டியலை ஒதுக்கிவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஆற்றிலும் காட்டிலும் இருக்கப்போகும் நேரத்தையும், கூட வரும் வழிகாட்டியின் கண்ணையும்தான்.

"3 நாள் 2 இரவு" என்பதைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் சண்டாக்கானில் இறங்கி, செப்பிலோக் பார்த்து, சாலை வழியாகச் சுக்காவுக்கோ பிலிட்டுக்கோ போய்ச் சேர்ந்தால் மாலைப் படகு ஒன்று. இரண்டாம் நாள் காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாம் நாள் சில நிறுவனங்கள் விடியலில் இன்னொரு படகு விடும், பல நிறுவனங்கள் பசியாறக் கொடுத்து வேனில் ஏற்றிவிடும். ஒரு படகுப் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நல்ல திட்டத்தில் எட்டு மணி நேரம் ஆற்றில் இருப்பீர்கள், முதல் நாள் படகும் தவறிப்போகும் மோசமான திட்டத்தில் நாலு. விலையை அந்த மணி நேரத்தால் வகுத்துவிட்டு இரண்டு நிறுவனங்களையும் ஒப்பிடுங்கள். கூடுதல் விலை சொன்னவர் மலிவாகிவிடவும் கூடும்.

இன்னொன்று, தீபகற்பத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது. கடிகாரம் ஒன்றுதான் என்றாலும் சண்டாக்கானில் சூரியன் கோலாலம்பூரைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் முந்தியே உதித்து முந்தியே மறையும். மாலை ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். பிற்பகல் 2 மணிக்குத் தரையிறங்கும் விமானத்தை நிறுவனம் போட்டுக் கொடுத்தால் முதல் நாள் படகு கணக்கில்தான் இருக்கும், நீங்கள் சாலையில் இருப்பீர்கள். காலை முதல் விமானம் சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஒரு படகில் எத்தனை பேர்? படகோட்டியைத் தவிர வழிகாட்டி தனியாக உண்டா? கடைசி நாள் காலைப் படகு உண்டா? கிளைநதிகளுக்குள் போகும்போது மின்மோட்டாருக்கு மாற்றுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை, பேசி முடித்ததும் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று புலனத்தில் நீங்களே எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும்.

விளம்பரப் படத்தையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். புலி இருந்தால் அந்த நிறுவனம் வேண்டாம், போர்னியோ காட்டில் புலி கிடையாது. காண்டாமிருகம் இருந்தாலும் வேண்டாம். மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துவிட்டது.

கினபாத்தாங்கானில் இத்தனை விலங்குகள் ஏன் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகின்றன என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். ஆற்றோரத்தில் எஞ்சிய காட்டுத் துண்டுகளில்தான் அவை நெருக்கியடித்து வாழ்கின்றன. 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் அந்தத் துண்டுகளைத்தான்.

கேள்வி: டிசம்பரில் போனால் விலை நன்றாகக் குறைகிறது. போகலாமா? – தைப்பிங் வாசகர்

பதில்: விலை குறைவதற்குக் காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை கிழக்குச் சபாவை நனைக்கும். ஆறு பெருகிக் காட்டுப் பாதைகள் மூழ்கும், கடலும் கொந்தளிக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் ஓரளவு காய்ந்த காலம். டிசம்பரில்தான் போக முடியும் என்றால் போங்கள், ஆனால் படகு ரத்தானால் பணம் திரும்புமா, மாற்று நேரம் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமைத் தீவுத் திட்டத்தை மட்டும் அந்த மாதத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. செலிங்கான் தீவுக்குச் சண்டாக்கானிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் திறந்த கடல்.

கேள்வி: இணையக் கடையில் "40x60 சூப்பர் ஜூம்" என்று ஒரு தொலைநோக்கி மிக மலிவாக வருகிறது. அதே பக்கத்தில் 8x42 என்றிருப்பது பல மடங்கு விலை. 40 மடங்கு பெரிதாகக் காட்டுவதை விட்டுவிட்டு 8 மடங்குக்கு எதற்கு அதிகப் பணம்? – ஜொகூர் பாரு வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்கு இடம் கொஞ்சம் கூடவே தருகிறோம், ஏமாறுபவர்கள் அத்தனை பேர்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மலிவுக் கருவிகளில் "40x60" என்பது பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்ட அலங்காரம்தான். கருவியைக் கையில் எடுத்து முன்கண்ணாடியை அடிக்கோலால் அளந்தால் 60 மில்லிமீட்டர் இருக்காது. நிஜமாகவே 40 மடங்கு பெரிதாக்கினாலும் படகில் அது பயன்படாது. கையின் நடுக்கமும் 40 மடங்காகும், முக்காலி இல்லாமல் எதையும் நிறுத்திப் பார்க்க முடியாது. ஆடும் படகில் 10 மடங்குகூடச் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும்.

இப்போது 42-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.25 வருகிறது. உங்கள் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். சட்டைப்பையில் போடும் 10x25 கருவிக்கு 2.5 மட்டுமே. நட்டநடுப் பகலில் நம் கண்ணின் பாவை சுருங்கியிருப்பதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விலங்குகள் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும், அதுவும் மரநிழலுக்குள். அப்போது பாவை அகன்றிருக்கும். 2.5 மில்லிமீட்டர் ஒளி போதாமல் ஓராங் ஊத்தான் ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். 8x42-இல் அதன் முகம் தெரியும்.

வாங்கும்போது நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்த, நீர்புகாத கருவியா என்று பாருங்கள். அந்த ஈரப்பதத்தில் மற்றவை உள்ளே பனி படர்ந்துவிடும். கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணாடியைக் கழற்றாமலே வட்டம் முழுதும் தெரிகிறதா என்று கடையில் வைத்தே பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இணையத்தில் வாங்காமல் நேரில் வாங்கச் சொல்வோம். நால்வர் போகும் குடும்பத்துக்கு நல்ல கருவி ஒன்றும், பிள்ளைகளுக்குச் சுமாரான 8x32 ஒன்றும் போதும். ஆளுக்கொரு மட்டமான கருவி வாங்குவதைவிட இதுவே மேல். சில விடுதிகளில் இரவலும் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவையோ தொலைநோக்கியையோ நேராக வெளியே எடுத்தால் பனி மூடிவிடும். பைக்குள்ளேயே வைத்து, அரை மணி நேரம் முன்பாகவே பையை வெளியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு பேருக்குப் பாதிப் பணம் முன்பணமாகக் கட்டினேன். போதுமான ஆள் சேரவில்லை என்று நிறுவனமே பயணத்தை ரத்து செய்துவிட்டது. இப்போது பணத்துக்குப் பதில் "அடுத்த ஆண்டு பயன்படுத்தும் கழிவுச் சீட்டு" தருகிறேன் என்கிறார்கள். ஏற்க வேண்டுமா? – சிரம்பான் வாசகர்

பதில்: ரசீதின் பின்பக்கத்தையும் முன்பதிவின்போது வந்த நிபந்தனைகளையும் முதலில் படித்துப் பாருங்கள். நிறுவனம் ரத்து செய்தால் கழிவுச் சீட்டு மட்டுமே என்று நீங்கள் ஒப்புக்கொண்ட வரி அதில் இல்லையென்றால் பணமாகவே கேளுங்கள். அப்படி ஒரு வரி இருந்தாலும் சோர்ந்துபோக வேண்டாம். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான ஒப்பந்த விதிகளை எதிர்த்துக் கேட்க 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பகுதியே இருக்கிறது.

எழுத்தில் கேளுங்கள், பதிலுக்கு ஒரு தேதி குறியுங்கள். தேதி தாண்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையை விசாரிப்பார்கள், பொதுவாக வழக்கறிஞர் நுழைய முடியாது. தகராறு எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் இன்றே தகராறு மனு கொடுங்கள். அதற்கான கெடு மிகக் குறுகியது.

அடுத்த முறை பணம் கட்டுமுன் நிறுவனத்தின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சில் சரிபாருங்கள். உரிமம் இல்லாமல் சுற்றுலா நடத்துவது 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி குற்றம். நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனியாள் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விமானச் சீட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அது வேறு கணக்கு. சுற்றுலா ரத்தானதற்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால் விமானமே 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தை விட்டுவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை 2024 செப்டம்பர் முதல் உண்டு.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அக்காவும் எங்களோடு வருகிறார். யாருக்கு என்ன ஆவணம்? விடுதியில் கூடுதல் வரி கேட்பார்களா? – பினாங்கு வாசகி

பதில்: சபாவுக்கெனத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. உங்களுக்கு மைகார்ட் போதும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் கட்டாயம். அசலையே எடுத்துச் செல்லுங்கள். அக்காவுக்குக் கடப்பிதழ். வெளிநாட்டவர் என்பதால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் அவர் கட்ட வேண்டும். மலேசியர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. அறையை உங்கள் பெயரில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று விடுதியிடமே கேட்டுவிடுங்கள். செப்பிலோக் போன்ற இடங்களில் நுழைவுக் கட்டணமும் இரு விதம், ஆகவே மைகார்டைப் பையிலேயே வைத்திருங்கள். விலை பேசும்போது 8% சேவை வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டைக் கடிக்குப் பயமாக இருக்கிறது. – பெயர் குறிப்பிடாத வாசகி

பதில்: பயப்பட வேண்டியது அட்டைக்கு அல்ல, கொசுவுக்கு. முழங்கால்வரை இறுக்கமாக வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொண்டால் அட்டை பிரச்சினை முடிந்தது. விடுதியிலேயே விற்பார்கள். ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா சபாக் காடுகளில் உண்மையான ஆபத்து. அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டி மருந்து. போகுமுன் மருத்துவரைப் பாருங்கள். வந்தபின் காய்ச்சல் கண்டால் காட்டுக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கையில் பணம் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை, ஒரு வாரம் விடுமுறை. படைச்சிறுத்தை (மேகத் திட்டுகள் போன்ற புள்ளிகள் கொண்ட காட்டுப்பூனை இனம்) பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. – கோலாலம்பூர் வாசகர்

பதில்: கினபாத்தாங்கானில் இரண்டு இரவு போதும். மிச்ச நாளை டெராமாகோட் வனப்பகுதிக்கு ஒதுக்குங்கள். அங்கே இரவெல்லாம் வண்டியில் விளக்கடித்துத் தேடுவதுதான் வேலை. படைச்சிறுத்தையைத் தேடுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். ஒரே இரவுக்கு வாங்காதீர்கள், நாலு இரவாவது வேண்டும், அப்படியும் வெறுங்கையோடு திரும்பலாம். டானும் பள்ளத்தாக்கு அழகில் அதைவிட மேல்: 438 சதுர கிலோமீட்டர் தொடப்படாத காடு, ஓராங் ஊத்தானைக் காட்டிலேயே பார்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் சொகுசு விடுதியின் விலை கண்ணைக் கட்டும். உங்கள் ஆசை படைச்சிறுத்தைதான் என்றால் டெராமாகோட். பகலில் தூங்கிப் பழகிக்கொண்டு போங்கள்.