பூவைப் பார்த்துக் குத்தகை பேசலாமா?

மைதானத்து ஓரம்: கிருஷ்ணகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் பகுதிக் கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணியில் இந்த ஆண்டு இரண்டு உயரமான பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு அரையிறுதி வரை போன அணி. இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று டீக்கடையில் பந்தயமே கட்டிவிட்டேன். சரிதானே, அம்மா?
— பர்கூர் வாசகர்

பந்தயத் தொகையை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருக்கிறது போலும்.

பர்கூர்க்காரருக்கு மாந்தோப்புக் குத்தகை பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தை மாதம் தோப்பு பூத்து நிற்கும்போது வியாபாரி வருகிறார். அண்ணாந்து பார்க்கிறார், மனதுக்குள் டன் கணக்குப் போடுகிறார், முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு மூடுபனி, தத்துப்பூச்சி, வேளை தவறிப் பெய்யும் மழை, சித்திரைக் காற்று எல்லாம் வரிசையாக வருகின்றன. பூத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாக நிற்பதில்லை. ஆனாலும் கைதேர்ந்த வியாபாரி பூவை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. போன வருடம் அந்த மரம் எவ்வளவு காய்த்தது, அடியில் ஈரம் இருக்கிறதா, மருந்து அடித்தார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

உங்கள் இரண்டு உயரமான பெண்களும் பூதான். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேல் கையை நீட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் சர்வீஸ் எதிரணியிடமிருந்து நம் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓர் இடம் நகர வேண்டும். மூன்று சுற்று வலையோரம் நின்றவள் அடுத்த மூன்று சுற்று பின்வரிசைக்குப் போவாள். அங்கே உயரம் உதவாது. எதிராளியின் சர்வீஸைக் குனிந்து வாங்க வேண்டும். வேறு நிறச் சட்டை போட்டு, பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ வந்து காப்பாற்றுவாள் என்பீர்கள். பெரும்பாலும் நடுவில் தடுப்பவளுக்குப் பதிலாகத்தான் அவள் உள்ளே வருவாள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதிலாக நிற்க அவளால் முடியாது. இரண்டாவது உயரக்காரி ஓரத்தில் அடிப்பவள் என்றால், அவளே குனிந்துதான் ஆக வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது அப்படி ஒரு பெண் வந்தாள். அவள் அடித்த பந்து எதிர்ப்பக்கத்து மண்ணில் குழி பறிக்கும். ஜூலையில் அவளைப் பார்க்கவே ஊரிலிருந்து ஆட்கள் வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். போட்டியில் எதிரணியின் பயிற்சியாளர் விவரமானவர். சர்வீஸ் எல்லாவற்றையும் அவள் மீதே போடச் சொல்லிவிட்டார். முதல் தொடுகையே கோணலாகப் போனது. அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய செட்டர் அதைத் துரத்திக்கொண்டு ஓட, இவள் அடிக்க நல்ல பந்து ஒன்றுகூட வரவில்லை. இரண்டே செட்டில் பஸ் ஏறினோம்.

ஆகவே டீக்கடையில் கேட்க வேண்டியது வேறு. சென்ற ஆண்டு அரையிறுதியில் ஆடிய ஆறு பேரில் எத்தனை பேர் மூன்றாமாண்டு முடித்துப் போய்விட்டார்கள்? போனவர்களில் செட்டர் இருக்கிறாளா? பட்டப்படிப்பு மூன்றே ஆண்டு என்பதால் கல்லூரி அணி வருடந்தோறும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கல்யாணத்துக்கோ வேலைக்கோ தாரை வார்த்துவிடுகிறது. 'சென்ற ஆண்டு அரையிறுதி' என்று நீங்கள் சொல்லும் அணி இன்று எங்கேயும் இல்லை.

பந்தயத்தை வாபஸ் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

கைப்பந்தா, கையுந்துபந்தா, வாலிபாலா? எது சரி?
— தருமபுரி மாணவர்

பத்திரிகையில் கைப்பந்து என்கிறார்கள். ஹேண்ட்பால் என்று தனியாக ஓர் ஆட்டம் இருப்பதால் கையுந்துபந்துதான் பொருத்தம் என்பவர்களும் உண்டு. நான் மைதானத்தில் கேட்டதெல்லாம் வாலிபால்தான். விசில் ஊதியவுடன் யாரும் அகராதியைத் திறப்பதில்லை.

அமெரிக்காவில் பெண்கள் கல்லூரி வாலிபாலுக்குப் போட்டி தொடங்கும் முன்பே முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுகிறார்களாமே? ஆடுவதற்கு முன்னால் எப்படித் தெரியும்? அது பலிக்கிறதா?
— தருமபுரி, முதுகலை மாணவி

பலிப்பது இருக்கட்டும். அங்கே அந்த ஆட்டத்துக்கு இருக்கும் மவுசை முதலில் கேள், கண்ணு. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கத்தின் நடுவே தளம் போட்டு, வலை கட்டி, பெண்கள் வாலிபால் ஆட்டம் நடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். அது இறுதிப்போட்டிகூட இல்லை, பருவத்தின் தொடக்கத்தில் ஆடிய ஓர் ஆட்டம். அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தை நினைத்துப் பார்த்தேன். நடுவர்களையும் சுண்டல்காரரையும் சேர்த்தாலும் இருநூறைத் தாண்டாது.

பட்டியலை ஜோசியர் போடுவதில்லை. பயிற்சியாளர் சங்கத்தின் சார்பில் பயிற்சியாளர்களே வாக்களித்து முதல் 25 அணிகளை வரிசைப்படுத்துகிறார்கள். யார் படிப்பு முடித்துப் போனார்கள், யார் தங்கினார்கள், பள்ளியிலிருந்து யார் வருகிறார்கள், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருபவர்கள் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தோப்பைச் சுற்றிப் பார்த்த வியாபாரிகள் என்று வைத்துக்கொள்.

2024இல் பருவத்துக்கு முன் முதலிடத்தில் வைத்தது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை. முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பை வாங்கிய அணி அது. ஆனால் டிசம்பரில் கோப்பை பென் ஸ்டேட் அணிக்குப் போனது. அரையிறுதியில் நெப்ராஸ்காவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டு, மீதி மூன்றையும் வென்ற அணி அது. அதன் பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்தப் பருவத்தில் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றார். அங்கே முதல் பிரிவுப் பெண்கள் வாலிபாலில் பட்டம் வாங்கித் தந்த முதல் பெண் பயிற்சியாளர் அவர்தான். இது எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி வந்திருக்காது.

2025இல் நெப்ராஸ்காவை முதலிடத்தில் வைத்தார்கள். இந்த முறை கணிப்பு பலித்துவிடும் போலத்தான் இருந்தது. டிசம்பர் வரை அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பிறகு 64 அணிகள் மோதும் நாக்-அவுட்டில், தன் சொந்த ஊரிலேயே, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் ஐந்து செட்டில் விழுந்தது. ஐந்தாவது செட் 15 புள்ளிதான் என்பது உனக்குத் தெரியும். நான்கு மாதம் தோற்காத அணிக்கு அந்தச் சின்ன செட்டில் இரண்டு பந்து தவறினால் போதும். வென்ற அணி அப்படியே போய் முதல்முறையாகப் பட்டமும் வாங்கிவிட்டது.

அந்தப் பட்டியலை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு மாதம் தோற்காத அணியை ஆகஸ்டிலேயே அடையாளம் காட்டியது சின்ன விஷயமா? நாக்-அவுட்டில் ஒரு மாலை என்ன செய்யும் என்பதைத்தான் அதனால் சொல்ல முடியாது. நமக்கோ பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டத்துக் கல்லூரிகள். பல ஆட்டங்கள் மூன்றே செட். சீட்டு எடுக்கும்போது முதல் சுற்றிலேயே வலுவான அணி எதிரே விழுந்தால், காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

என் மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறாள், அணியின் செட்டர். 'இந்த வருடம் கோப்பையோடுதான் வர வேண்டும்' என்று ஊரில் எல்லோரும் அவளிடம் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. என்ன செய்வது?
— ஒரு தந்தை, பாலக்கோடு

ஐயா, 'நானும் சொன்னேன்' என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

1985. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. எங்கள் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. நான் அணித் தலைவி, உங்கள் மகளைப் போலவே செட்டர். வேலூரில் போட்டி. புறப்படும்போதே எங்கள் தெருவில் இருந்த தேங்காய் மண்டிக்காரர் "கோப்பையோடு வா பாப்பா, மாலையோடு நிற்கிறேன்" என்றார். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். வாணியம்பாடி தாண்டும் வரை பஸ்ஸில் ஒருத்தியும் பேசவில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினால், மனிதர் உண்மையிலேயே சாமந்தி மாலையோடு நிற்கிறார். செய்தி சொல்லத் தொலைபேசியா இருந்தது? நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் போட்டுவிட்டார். "தோற்றுவிட்டோம் மாமா" என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "போட்ட மாலையைக் கழற்றக் கூடாது, வீடு வரைக்கும் போட்டுக்கொண்டே போ" என்றார். போனேன். வழியெல்லாம் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மறுநாளிலிருந்து தனித்தனியாக உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. தீபாவளி வரை அந்தத் தெரு வழியாக நடக்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனேன். அவர் நல்ல மனிதர், ஐயா. இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் சாமந்தி வாசனை வந்தால் வயிற்றைப் பிசைகிறது.

உங்கள் மகளுக்கு ஊரார் ஜூன் மாதமே மாலை போட்டுவிட்டார்கள். செட்டருக்கு இது இரட்டைச் சுமை. அநேகமாக ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டாவது தொடுகை அவளுடையது. பந்து வெளியே போனால் அடித்தவளை விட்டுவிட்டு, 'சரியாகத் தூக்கிக் கொடுக்கவில்லை' என்று இவளைத்தான் சொல்வார்கள். வென்றால் படத்தில் வருவது அடித்தவள்.

ஊர் வாயை உங்களால் மூட முடியாது. உங்கள் வீட்டுக்குள் கோப்பை என்ற சொல்லை நிறுத்த முடியும். சாயங்காலம் வந்தால் 'ஜெயிப்பீர்களா' என்று கேட்காதீர்கள். 'இன்று எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், பந்தில் காற்று இருந்ததா' என்று கேளுங்கள். அவளே பேசுவாள். நீங்கள் அன்று சொன்னது தவறு என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பாக்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். முழங்கால் உறை கிழிந்திருந்தால் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஆட்டத்துக்குப் போகும் பெண்ணுக்குக் களி, கடலை, முட்டை எல்லாம் இறங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால், அல்லது மாதவிலக்குத் தவறினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பாருங்கள். மூச்சு வாங்குவதையும் சோர்வையும் பயம் என்று நினைத்து, பிறகு அது ரத்தசோகை என்று தெரிந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் 15 புள்ளி. சர்வீஸ் நம்மிடம் இருந்தால்தான் புள்ளி. 3–14 என்று இருந்தும் மீண்டு வந்திருக்கிறோம். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் செட் முடிகிறது. நல்ல அணிகள் கவிழ்வது இதனால்தானே?
— ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், ஊத்தங்கரை

ஓரளவு. இப்போது ஒவ்வொரு தவறும் எதிராளிக்குப் புள்ளி, ஆற அமர யோசிக்க நேரமில்லை. ஆனால் நம் பக்கத்து அணிகள் கவிழ்வதற்கு நான் பார்த்த பெரிய காரணம் கூரை. வருடம் முழுக்க மண் தரையில், திறந்த வெளியில், காற்றை அனுசரித்து ஆடுகிறார்கள். போட்டியை உள்ளரங்கத்தில் வைத்துவிடுகிறார்கள். அங்கே காற்று இல்லை, பந்தின் பின்னால் வானமும் இல்லை, விளக்குதான் கண்ணைக் கூசுகிறது. சுழலாமல் மிதந்து வரும் சர்வீஸ் கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் ஆடும் என்று பிடிபடவே ஒரு செட் ஆகிறது. அந்த ஒரு செட் போய்விட்டால் பாதி ஆட்டம் போய்விட்டது. போட்டிக்கு நான்கு நாள் முன்பாவது உள்ளரங்கம் ஒன்றில் பயிற்சிக்கு இடம் கேளுங்கள் என்று நானும் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மேடம், போன வியாழக்கிழமை நீங்கள் எங்கள் மைதானத்துக்கு வந்து மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்ததை நாங்கள் பார்த்துவிட்டோம். எங்கள் அணி எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.
— கிருஷ்ணகிரி மாணவிகள்

மரம் இன்னும் கொஞ்சம் பருமனாக இருந்திருக்கலாம்.

உண்மை வேண்டுமா? ஏழாம் எண் பெண்ணின் முதல் தொடுகை அருமை, பந்து செட்டரின் கைக்குத் தானாக வருகிறது. பயிற்சி முடிந்த பிறகும் அவளும் லிபரோவும் இருட்டும் வரை சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் நின்றேன். இரண்டாவது செட்டர் உங்களிடம் இல்லை. இருப்பவள் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள், உடனே கவனியுங்கள். சர்வீஸில் வலையில் அடிப்பது மிக அதிகம்.

ஒவ்வொரு ஜூனிலும் என் பழைய டைரியில் ஒரு கணிப்பு எழுதி வைப்பேன். இந்த ஆண்டு உங்களுக்கு எழுதியிருப்பது காலிறுதி. யோசித்து, கணக்குப் போட்டு எழுதியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டு மாங்காய் வியாபாரி வாசலில் நின்று "பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள்?" என்று கேட்டார். கோப்பை என்று சொல்லிவிட்டேன். போட்டித் தேதி தெரிந்தவுடன் ஒரு கார்டு போடுங்கள். அவரும் வருகிறாராம்.