வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வரும் மகள்

கேள்வி: ஜான் ஃபௌல்ஸின் ‘தி கலெக்டர்’ நாவலைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பெண்ணைக் கடத்தி வைத்த கிளெக்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்துத் தாங்குகிறானே, அதுவும் காதல்தானே? (நான் கதைப் புத்தகம் படிப்பது என் கணவருக்குப் பிடிக்காது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் 9 வயது மகள் ஓடி வந்து சொல்வாள், துணிக்கு அடியில் ஒளித்துவிடுவேன். மற்றபடி தங்கமானவர்.)

பதில்: கிளெக்கை அப்புறம் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதற்கு முதலில் வருகிறேன். 9 வயதுக் குழந்தையை வாசலில் காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், சகோதரி. வீட்டுப்பாடம் எழுதும்போதும் ஒரு காது வெளியேதான் இருக்கும் அவளுக்கு, வண்டி நிற்கிறதா, கேட் திறக்கிறதா, செருப்பைக் கழற்றுகிறாரா என்று. அப்பா வருகிறார் என்றால் மற்ற பிள்ளைகளுக்குச் சந்தோஷம், உங்கள் பிள்ளைக்குப் படபடப்பு. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சரி, இந்தக் காவல் வேலையை அவளுக்குக் கொடுத்தது நீங்கள். அதற்கு உங்களைத் திட்டத்தான் செய்வேன்.

இப்போது நாவல். 1963-இல் வந்தது. பட்டாம்பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்தி வைக்கும் ஒரு குமாஸ்தா, கால்பந்துப் பந்தயத்தில் பெரும் பணம் விழுந்ததும் ஒதுக்குப்புறமாக வீடு வாங்கி, ஓவியம் படிக்கும் மிராண்டாவை நிலவறையில் அடைக்கிறான். ஓவியப் புத்தகம், இசைத்தட்டு, உடை எல்லாம் வருகிறது, சாவி மட்டும் வராது. நான்கு வாரத்தில் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான், நாள் வந்ததும் பேச்சை மாற்றுகிறான். கடைசியில் அவள் நிமோனியாவில் மூச்சுத் திணறிக் கிடக்கிறாள், மருத்துவரைக் கூட்டி வராமலே சாக விடுகிறான். இதையா காதல் என்கிறீர்கள்? கதையை முதலில் சொல்பவன் அவன், அதனால் உங்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. அதே நாட்களை அவள் ரகசியமாக எழுதிய டைரி அடுத்து வருகிறதே, அதைத் திரும்பப் படியுங்கள்.

உங்கள் கணவரை கிளெக் என்று சொல்ல வரவில்லை. குடும்பம் என்றால் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும், இதே பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவருக்குப் பிடிக்கவில்லை, சரி, படிக்க வேண்டாம் என்று நீங்களாக முடிவெடுத்து நிறுத்தியிருந்தால் அது விட்டுக்கொடுப்பது. நீங்கள் பயந்துகொண்டு படிக்கிறீர்கள், அந்தப் பயத்தில் பாதியைப் பிள்ளை தலையிலும் ஏற்றிவிட்டீர்கள்.

புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பரவாயில்லை, இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். பிடுங்கி எறிவார், கை ஓங்குவார் என்று இப்போதே தெரியும் என்றால் தனியாக இதில் இறங்க வேண்டாம், முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மற்றபடி தங்கமானவர் என்று அவர்களிடமும் மழுப்பாதீர்கள்.

எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், இனிமேல் வண்டிச் சத்தம் கேட்டால் நீ என்னிடம் ஓடி வர வேண்டாம் என்று.