சாயத் தண்ணியும் நானோ தூளும்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சென்னைல ஒரு லேப்ல எட்டு வருஷமா மேக்னடைட் தூளோட (காந்தம் இழுக்கற இரும்பு ஆக்சைடு, சாயத்த ஒட்ட வச்சு காந்தத்தால வெளிய எடுக்கலாம்) மல்லுக்கட்டுறேன். சாயக்கழிவு பத்தி கேளுங்க. தீசிஸ் மட்டும் எழுதித் தரச் சொல்லாதீங்க.

குரோம்பேட்டை, எம்.எஸ்சி மாணவி: மெத்திலீன் புளூ சாயத் தண்ணில வெறும் மேக்னடைட் போட்டேன், நீலம் அப்படியே இருக்கு. கோட்டிங் கட்டாயமா?

உங்க தண்ணி பிஎச் (அமில, கார அளவு) என்னம்மா? மேக்னடைட் மேல சார்ஜ் பிஎச் 6, 7 கிட்ட பூஜ்யம், அதுக்குக் கீழ பிளஸ், மேல மைனஸ். மெத்திலீன் புளூவும் பிளஸ், அப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளத்தான் செய்யும். சிட்ரிக் ஆசிட் கோட்டிங் குடுத்தா மேல கார்பாக்சில்ங்கற அமிலத் தொகுதி உக்காந்து மைனஸ் ஆகும், சாயம் வந்து ஒட்டிக்கும். காங்கோ ரெட் மாதிரி மைனஸ் சாயம்னா கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டுலேந்து எடுக்கறது) கோட்டிங் போடுங்க, ஆனா அமிலத் தண்ணில அது கரைஞ்சு போயிடும், அதனால குளூட்டரால்டிஹைடுங்கற கெமிக்கல் வச்சு கிராஸ்லிங்க் (இழைகள ஒண்ணோட ஒண்ணு பிணைக்கறது) பண்ணிட்டுதான் போடணும். பீக்கர் பக்கத்துல காந்தம் வச்சதும் கறுப்புத் தூள் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி ஒட்டுதா பாருங்க, காய வைக்கறப்ப பழுப்பா மாறுதுன்னா காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆகுதுன்னு அர்த்தம்.

அம்பத்தூர்: நானோ தூள் வாங்கி வீட்டு போர் தண்ணில போடலாமா?

வேணாம்.

தாம்பரம்: டைட்டானியம் டையாக்சைடு கலந்து மொட்ட மாடில வச்சா நம்ம வெயிலே சாயத்த உடைச்சிடாதா?

அனடேஸ் (டைட்டானியம் டையாக்சைடோட ஒரு வகை) வேலை செய்ய 3.2 எலக்ட்ரான் வோல்ட் வேணும், அதாவது 388 நானோமீட்டருக்குக் கீழ உள்ள புற ஊதா. என்னதான் கத்திரி வெயிலா இருந்தாலும் அதுல புற ஊதா 5 சதவீதம் கிட்டதான். அதான் கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துலயும் வேலை செய்யறதுக்கு நைட்ரஜன் டோப்பிங் (கொஞ்சம் நைட்ரஜன் சேக்கறது) எல்லாம் பண்றாங்க. இன்னொண்ணு, நிறம் போச்சுன்னா சாயம் போச்சுன்னு நினைக்காதீங்க. அசோ பாண்ட் (சாயத்துல நிறம் குடுக்கற நைட்ரஜன் பிணைப்பு) உடைஞ்சாலே தண்ணி வெளுத்துடும், உடைஞ்ச துண்டான அரோமாட்டிக் அமீன் உள்ள அப்படியே நிக்கலாம். டிஓசி (தண்ணில மிச்சமிருக்கற மொத்த கரிமக் கார்பன்) பாருங்க.

வேளச்சேரி: எந்த பிஎச் வைக்கணும்?

முதல் பதில்.

திருப்பூர், சாயப்பட்டறை: எங்க தலைவலி கலர் இல்லீங்க, உப்பு. அதுக்கு உங்க தூள் என்ன பண்ணும்?

ஒண்ணும் பண்ணாதுங்க. ரியாக்டிவ் சாயம் துணில ஏற அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடுறீங்க, அந்த குளோரைடும் சல்ஃபேட்டும் என் கைட்டோசான்ல சாயம் உக்கார வேண்டிய இடத்தப் பிடிச்சிக்கும். லேப்ல டிஸ்டில்டு வாட்டர்ல 95 சதவீதம் காட்டுற சரக்கு உங்க தண்ணில பல்ல இளிக்கும்.

திருப்பூர்: 2011ல ஹைகோர்ட்டு பட்டறைய மூடச் சொன்னப்புறம்தான் ஆர்ஓ, தண்ணிய ஆவியாக்கி உப்பப் பிரிக்கற எவாப்பரேட்டர்னு கடன் வாங்கிப் போட்டோம். அப்ப நானோ எதுக்குங்க?

ஆர்ஓவுக்கு முன்னாடி சாயத்த இழுத்துட்டா மெம்பிரேன் சீக்கிரம் அடைக்காது. அவ்வளவுதான் என் கணக்கு.

திருப்பூர்: ஏற்கனவே எவாப்பரேட்டர்ல வந்த கலப்பு உப்பு மூட்ட மூட்டையா ஷெட்ல கெடக்கு. சாயம் ஏறின தூள் இன்னொரு மூட்டையா?

காஸ்டிக் சோடால கழுவித் திரும்பப் போடலாம், ஒவ்வொரு தடவையும் பிடிப்பு குறையும். கழுவின தண்ணில அதே சாயம் இன்னும் கெட்டியா நிக்கும். நிறைய பேப்பர்ல 5 சைக்கிள் கிராஃபோட கதை முடிஞ்சிடும். அந்த மூட்டைக்கு என்கிட்டயும் பதில் இல்லீங்க.

போரூர்: பிஎச் 7 ஓகேவா?

ஐயா, மேல படிங்க. ரெண்டாவது ஆள் நீங்க.

கேளம்பாக்கம்: ஒரு கிராம் தூள் 400 மில்லிகிராம் மெத்திலீன் புளூ பிடிச்சதா வந்துச்சு, பேப்பர் போடலாமா?

ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டினீங்களா? மெத்திலீன் புளூவ அந்தப் பேப்பரே குடிக்கும். தூள் போடாம ஒரு பிளாங்க் ஓட்டிட்டு வாங்க.

குரோம்பேட்டை: நிஜ சாயத்தண்ணி எங்க சார் கிடைக்கும்?

திருப்பூர்: நான் அனுப்பறேன் கண்ணு.

அனுப்புங்க, கேன் மூடிய மட்டும் டேப் போட்டு ஒட்டிடுங்க. போன தடவ நான் கொண்டு வந்தது கிளாம்பாக்கத்துல இறங்கறதுக்குள்ள ஒழுகி, என் பை இன்னிக்கும் ஊதாக் கலர்.