"எங்கம்மா எப்ப வருவாங்க?" ஃபாஸ்டர் கேர்ல வர்ற குழந்தைக்கு என்னன்னு சொல்லிப் புரிய வெக்கறது

பெத்தவங்களால பாத்துக்க முடியாத குழந்தைய, தத்து எடுக்காம, கொஞ்ச காலம் நம்ம வீட்டுல வெச்சுப் பாத்துக்கறது தான் ஃபாஸ்டர் கேர். அதப் பத்தி கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்களுக்கு ஃபாஸ்டர் கேர்ல அனுமதி கெடச்சிருச்சுங்க. எட்டு வயசுப் பொண்ணு, அடுத்த வாரம் வருது. அவ அம்மாவுக்கு ஆஸ்பத்திரில ரொம்ப நாள் வைத்தியம், வேற பாத்துக்க ஆளில்ல. எங்களுக்கு பன்னெண்டு வயசுல ஒரு பையன் இருக்கான். ரெண்டு தடவ அவ இருக்கற குழந்தைக ஹோமுக்குப் போயி பாத்துட்டு வந்தோம். ரெண்டாவது தடவ அவ 'எங்கம்மா எப்ப வருவாங்க, நீங்க எதுக்கு என்னயக் கூட்டிட்டுப் போறீங்க'ன்னு கேட்டா. எனக்கு பொக்குன்னு போயிருச்சு. சீக்கிரம் வந்துருவாங்க கண்ணுன்னு சொல்லிட்டேன். சொன்னது சரிங்களா? இந்தக் கமிட்டி, ஆபீஸ் இதெல்லாம் அந்த வயசுக்கு எப்படிங்க புரிய வெக்கறது?"

மொதல்ல அந்த "சீக்கிரம்" பத்தியே பேசீரலாங்க. நீங்க பாசத்துல சொன்னது தான். ஆனா எட்டு வயசுல சீக்கிரம்னா நாளைக்கு, மிஞ்சிப் போனா வர்ற நோம்பிக்கு. அது ரெண்டும் தாண்டிருச்சுன்னா அப்புறம் நீங்க சொல்ற எதையும் அவ நம்ப மாட்டா. அதனால வந்த அன்னைக்கே ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கறப்ப திருத்திச் சொல்லீருங்க. "கண்ணு, அன்னைக்கு சீக்கிரம்னு சொன்னேன்ல, நெசமா எனக்குத் தேதி தெரியாது சாமி. டாக்டரும் இன்னும் சொல்லல. தெரிஞ்ச ஒடனே ஒங்கிட்டத் தான் மொதல்ல சொல்லுவேன்." பெரியவங்க தெரியலன்னு ஒத்துக்கறத அந்தப் புள்ள அனேகமா இப்பத்தான் பாக்கும், அதுலயே பாதி பயம் எறங்கும்.

அடுத்தது அவ வாயத் தொறந்து கேக்கவே கேக்காத ஒரு கேள்வி இருக்கு, நான் என்ன தப்புப் பண்ணேன்னு. நம்ம பக்கம் எந்த வீட்டுல பாத்தாலும் "சேட்டை பண்ணா ஹாஸ்டல்ல கொண்டு போய் விட்டுருவேன்"னு ஒரு பேச்சு ஓடும், நாமளும் அதக் கேட்டு வளந்தவங்க தான். அத நூறு தடவ கேட்ட ஒரு குழந்தைய நெசமாவே ஹோம்ல விட்டா, அது தண்டனைன்னு தான் எடுத்துக்கும். அம்மாவுக்கு ஒடம்பு கெட்டதே தன்னால தான்னு நெனைக்கற குழந்தைகள நான் நெறைய பாத்திருக்கேன். அதனால கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லீருங்க, "அம்மாவுக்கு ஒடம்பு முடியாமப் போனது ஒன்னால இல்ல, நீ இங்க வந்தது தண்டனையும் இல்ல"ன்னு. ஒரு தடவ சொன்னாப் பத்தாது, சடை பின்றப்ப, பஸ்ஸுக்கு நிக்கறப்பன்னு அப்பப்ப சொல்லணும். ஒங்க பையனும் வீட்டுல இருக்கற பெரியவங்களும் அந்த ஹாஸ்டல் பேச்ச வெளையாட்டுக்குக் கூட இனி எடுக்கக் கூடாதுங்க.

இப்பக் கமிட்டிக்கு வர்றேன். 2015ல வந்த சிறார் நீதிச் சட்டத்துல 44வது பிரிவு தான் இந்த ஃபாஸ்டர் கேர், தமிழ்ல வளர்ப்புப் பராமரிப்பு. நீங்க கமிட்டின்னு சொல்ற குழந்தைகள் நலக் குழுவுல தலைவரோட சேத்து அஞ்சு பேரு, அதுல ஒரு பொம்பளையாவது கட்டாயம் இருக்கணும், அவங்க உத்தரவு போட்டுத் தான் குழந்தை ஒங்க வீட்டுக்கு வருது. இத அப்படியே சொன்னா அவளுக்குக் கோர்ட்டு, போலீஸ்னு தான் காதுல விழுகும். நான் செய்யறது என்னன்னா, ஒரு நோட்டுல நடுவுல அவ படத்த அவளையே வரையச் சொல்லி, சுத்தி ஒவ்வொருத்தரா போட்டு, யாருக்கு என்ன வேலைன்னு அவ பாஷைல எழுதறது. அம்மா: வைத்தியம் பாத்துட்டு இருக்காங்க. இந்த அஞ்சு பேரு: அம்மா அப்பா கூட இருக்க முடியாத குழந்தைக எங்க இருந்தா நல்லாருக்கும்னு யோசிச்சு முடிவு பண்றவங்க, முடிவு பண்றப்ப நீ என்ன நெனைக்கறேன்னும் கேப்பாங்க. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ் அக்கா: ஒன்னைய வந்து பாத்துட்டுப் போறவங்க. நாங்க: சோறு, ஸ்கூல், காய்ச்சல் வந்தா டாக்டருன்னு தெனமும் கூட இருக்கறவங்க. இத நீங்க மட்டும் தனியா சொல்லாம அந்த ஆபீஸ் அக்காவையும் பக்கத்துல வெச்சுட்டுச் சொன்னா நல்லதுங்க, ரெண்டு பேரும் ஒரே கதை சொல்றாங்கன்னு அவ பாத்துக்குவா.

அந்த அக்கா வர்றத மட்டும் தனியா, தெளிவா சொல்லணும். சட்டப்படி மாசாமாசம் வீட்டுக்கு வந்து பாக்கற பொறுப்பு அந்தக் குழுவோடது, ஆபீஸ்ல இருந்தும் வருவாங்க. பவானிப் பக்கம் ஒரு வீட்டுல ஒரு பையன், ஆபீஸ் வண்டி சத்தம் கேட்டாப் போதும், கட்டிலுக்கடியில இருந்து மஞ்சப்பைய எடுத்துட்டு, செருப்பப் போட்டுட்டு, கேட்டுக்கிட்டப் போயி நின்னுக்குவான். மூணு மாசம் அப்படியே பண்ணான். வீட்டுக்காரங்க, இவனுக்கு இங்க புடிக்கலையோன்னு வெசனப்பட்டுட்டு இருந்தாங்க. விசாரிச்சா, அவன எங்க கொண்டு போயி விட்டப்பவும் இந்த மாதிரி வண்டி வந்து தான் விட்டிருக்கு. சும்மா பாத்துட்டுப் போக வர்றாங்கன்னு அவங்கிட்ட ஒருத்தரும் சொல்லல! அடுத்த தடவ வந்த ஆபீசர் அவங்கூடத் திண்ணைல உக்காந்து டீ குடிச்சுட்டு, பையத் தொறக்கலாமான்னு அவங்கிட்டயே கேட்டு, உள்ள இருந்த ரெண்டு சட்டையையும் அவன் கையாலயே ஆணில மாட்ட வெச்சுட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம் தம்பி"ன்னு தனியாக் கெளம்பிப் போனாங்க. பை கட்டிலுக்கடில தான் இருந்துச்சு, ஆனா காலிப் பையி.

இதுக்கு ஒரு வழி இருக்குங்க. செவுத்துல மாட்டற தினசரி காலண்டர வாங்கி, ஆபீஸ் அக்கா வர்ற நாளையும் அம்மாவப் பாக்கப் போற நாளையும் சிவப்புல வட்டம் போட்டு, தெனமும் தாள் கிழிக்கற வேலைய அவகிட்டயே குடுத்துருங்க. தேதி தள்ளிப் போனா அவ எதுக்கவே வட்டத்த மாத்திப் போடுங்க.

அம்மாவப் பாக்கப் போறதப் பத்தி: பெத்தவங்க குழந்தையப் பாக்கறதுக்குச் சட்டத்துலயே எடம் இருக்கு, அது குழந்தைக்கு நல்லதில்லன்னு குழு நெனைச்சா மட்டும் தான் நிறுத்துவாங்க. பாத்துட்டு வந்த அன்னைக்கு அவ சாப்பிட மாட்டா, எரிஞ்சு விழுவா, ராத்திரி அழுவா. அதப் பாத்துட்டு "இனிமே கூட்டிட்டுப் போக வேண்டாம், போனாத்தான் அழுகறா"ன்னு நல்ல மனசுக்காரங்களே முடிவு பண்ணீர்றாங்க, தயவு செஞ்சு அதப் பண்ணாதீங்க. அழுகறது ஏக்கம், பாக்கலன்னா அது தீராது, உள்ளயே கெடக்கும். அவகிட்ட, "அம்மாவ நெனச்சு அழுகலாம், நாங்க கோவிச்சுக்க மாட்டோம். எங்களப் புடிச்சா அம்மாவ மறந்துட்டதா ஆகாது"ன்னு சொல்லுங்க. ஒங்கள என்னன்னு கூப்படறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும். அத்தை, பெரியம்மா எதா இருந்தாலும் சரி. சித்தி மட்டும் வேண்டாங்கறது என் அபிப்பிராயம், நம்ம ஊருல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமும் இருக்கு, ஸ்கூல்ல மத்த புள்ளைக உன்னய சித்தி கொடுமை பண்றாங்களான்னு கேட்டுரும்.

காசு விசயமும் சொல்லோணும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஒரு குழந்தைக்கு மாசம் 4000 ரூபாய். "காசுக்குத் தான் வெச்சிருக்காங்க"ன்னு வீதில யாராவது ஒருத்தர் அந்தப் புள்ள காதுல போடாம இருக்க மாட்டாங்க. அதுக்கு முன்ன நீங்களே சொல்லீருங்க: "ஒன்னோட சோறு, துணி, நோட்டுக்கு கவர்மெண்ட் காசு தருது, அது ஒனக்குண்டான காசு. ஒன்னையக் கூட்டிட்டு வந்தது நாங்க ஆசைப்பட்டுக் கேட்டதால." ஸ்கூல் பேக் வாங்கறப்பக் கடைக்கு அவளையும் கூட்டிட்டுப் போயி அவளையே எடுக்கச் சொல்லுங்க.

ஒறம்பரை வந்தா, கல்யாணங்காட்சிக்குப் போனா, "யாரு புள்ள, எந்தூரு, என்ன கூட்டம்?"னு அடுக்கடுக்காக் கேப்பாங்க. எட்டு வயசுப் புள்ளைய அதுக்கு நடுவுல தனியா நிக்க வெக்கக் கூடாது. "நான் இவங்க வீட்டுல இருக்கேன், மத்தத பெரியம்மா கிட்டக் கேளுங்க"ன்னு ஒரே பதிலச் சொல்லிக் குடுத்துருங்க. நீங்களும் "எங்க வீட்டுப் புள்ள தாங்க"ன்னு சொல்லிட்டுப் பேச்ச மாத்தீருங்க. இப்படிப்பட்ட குழந்தை யாருன்னு தெரியற மாதிரி படத்தையும் விவரத்தையும் வெளியிடறது சட்டப்படி குத்தம், அதனால நல்ல ஃபோட்டோவா இருந்தாலும் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க.

இன்னொரு கேள்வியையும் அவ வெளிய கேக்க மாட்டா, இங்க அடிப்பாங்களான்னு. அடிக்க மாட்டோம்னு நேரடியாவே சொல்லுங்க. கூடவே குழந்தைக உதவிக்குன்னு இருக்கற 1098 ஃபோன் நம்பர மனப்பாடமா சொல்லிக் குடுத்து, அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க. ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, காசு கெடையாது. "நாங்களே ஏதாவது தப்பா நடந்தாலும் இதுல சொல்லலாம்"னு சொல்றப்ப ஒங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சுருக்குன்னு தான் இருக்கும். ஆனா அந்தப் புள்ளைக்கு ஒங்க வீட்டுல தைரியமாத் தூங்கறதுக்கு அது வேணுங்க.

எத்தன நாளுன்னு கேட்டா, "அம்மா தேறி, பாத்துக்க முடியும்னு அந்த அஞ்சு பேரும் சொல்ற வரைக்கும். போறதுக்கு முன்ன ஒனக்கு நல்லாத் தெரியும்படி சொல்லுவோம், திடுதிப்புன்னு அனுப்ப மாட்டோம்". இவ்வளவு தான். "இனிமே இது தான் ஒன் வீடு"ன்னு பாசத்துல வாய் தவறிக் கூடச் சொல்லாதீங்க. தத்து வேற, இது வேற. 2024ல வந்த புது வழிகாட்டுதல்ல, வளர்ப்புப் பராமரிப்புல ரெண்டு வருசம் இருந்தா அந்தக் குடும்பமே தத்து எடுத்துக்கலாம்னு இருக்கு, முன்ன அது அஞ்சு வருசம். ஆனா அது சட்டப்படி தத்துக்கு விடுவிச்ச குழந்தைக்குத் தான். இவளுக்கு அம்மா இருக்காங்க, வைத்தியம் பாத்துட்டு இருக்காங்க, அதனால அந்த நெனப்ப அவகிட்டயோ பையங்கிட்டயோ காட்டிக்க வேண்டாம். பையங்கிட்டயும் இதே நோட்டக் காட்டிச் சொல்லுங்க, அவ அம்மாவோட நோவப் பத்தி மட்டும் அவளாச் சொன்னாத் தெரிஞ்சுக்கட்டும்.

இது அத்தனையும் மொத நாளே சொல்ல வேண்டாங்க. மொத நாளு அந்த "சீக்கிரம்" திருத்தம், அப்புறம் பாத்ரூம் எங்க, ராத்திரி எந்த லைட்டு எரியும், நீங்க எந்த ரூம்ல படுத்திருப்பீங்க, அது போதும். சூடா அரிசிம்பருப்பு சாதம் வெச்சு நெய் ஊத்துங்க, அவங்கம்மா எப்படி வெப்பாங்கன்னு கேளுங்க, சொன்னாக் கேட்டுக்கங்க. தலகாணிக்கடில பிஸ்கட்டு, முறுக்கு ஒளிச்சு வெச்சா எடுத்துப் போடாதீங்க, மூடி போட்ட டப்பா ஒண்ணக் குடுத்து இது ஒன்னோடதுன்னு சொல்லீருங்க. அப்புறம் இன்னைக்கே அந்த ஆபீஸ் அக்காவுக்கு ஃபோன் போட்டு, வர்றப்ப அவங்கம்மா ஃபோட்டோ ஒண்ணு கொண்டு வர முடியுமான்னு கேளுங்க, அவ படுத்துட்டுப் பாக்கற மாதிரி அத மாட்டறதுக்கு ஒரு ஆணி அடிச்சு வைங்க.